பலகை மட்டும் போதாது, போட்டியும் நம் ஊருக்கு வர வேண்டும்

2023 டிசம்பரில் சென்னையில் ஒரு செஸ் போட்டி அவசர அவசரமாக நடந்தது. உலக சாம்பியனோடு மோதப் போகிறவரை முடிவு செய்யும் கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் நுழைய குகேஷுக்குப் புள்ளிகள் தேவைப்பட்டன. ஆண்டு முடிய சில வாரங்களே இருந்தன. அவர் ஆடுவதற்கு ஏற்ற பெரிய போட்டி எதுவும் பக்கத்தில் இல்லை. தமிழ்நாடு அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 'சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்' என்ற பெயரில் 8 வீரர்களை அழைத்து, 50 லட்சம் ரூபாய் பரிசு வைத்து, 7 சுற்றுப் போட்டியை நடத்தியது. குகேஷ் முதலிடம் பிடித்தார், கேண்டிடேட்ஸுக்குள் நுழைந்தார், 2024 ஏப்ரலில் டொராண்டோவில் அதையும் வென்றார். அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனைத் தோற்கடித்து 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். அரசு 5 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது.

இதில் நமக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. ஆட்டத்தை அவர்தான் ஆடினார். ஆனால் தோழர்களே, இந்தச் சம்பவத்திலிருந்து ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சரியான நேரத்தில், சரியான இடத்தில் ஒரு போட்டி நடந்தால் ஒரு வீரரின் தலையெழுத்தே மாறும் என்பது இந்த அரசுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் செய்தது. அதே அறிவை அவிநாசிக்கும் அன்னூருக்கும் சத்தியமங்கலத்துக்கும் கொண்டுவா என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரை.

செஸ் பற்றிப் பேசும்போதெல்லாம் நமக்கு ஒரு பாட்டு பாடப்படுகிறது. 'இது மூளை விளையாட்டு, பலகைக்கு முன்னால் எல்லாரும் சமம், மைதானம் வேண்டாம், ஷூ வேண்டாம், திறமை இருந்தால் போதும்.' 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது ஒலிம்பியாட் நடந்தபோது, நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்த அந்த மாதங்களில், இந்தப் பாட்டு உச்சத்தில் இருந்தது. நம் ஊர் அரசுப் பள்ளிகளிலும் பலகைகள் வந்தன, போட்டி வைத்தார்கள், பிள்ளைகள் ஆசையாக ஆடினார்கள். பிறகு பல பள்ளிகளில் அந்தப் பலகைகள் பீரோவுக்குள் போய்விட்டன. சாவி பி.இ.டி. சாரிடம்.

பலகைக்கு முன்னால் சமம்தான். பலகை வரைக்கும் போய்ச் சேருவதில்தான் சமம் இல்லை.

போட்டி செஸ்ஸில் ஒருவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதைச் சொல்வது ரேட்டிங் என்ற ஓர் எண். உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே கொடுப்பது. வீட்டில் உட்கார்ந்து ஆயிரம் ஆட்டம் ஜெயித்தாலும் இந்த எண் வராது. அங்கீகாரம் பெற்ற போட்டிக்குப் போய், ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது 5 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். 2024 மார்ச் முதல் இதன் அடிமட்டம் 1000இலிருந்து 1400ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. அதாவது 1400 தரத்துக்குக் கீழே ஆடுகிறவருக்கு எண்ணே கிடையாது. முன்பு 1100 என்று ஒரு சிறிய எண்ணோடு பட்டியலில் கால் வைத்து ஏறலாம். இப்போது ஏணியின் முதல் படியே உயரத்தில் இருக்கிறது.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதைப் பெற்றோர்களுக்குச் சொல்பவர்கள் குறைவு. ஒரு வெற்றி எத்தனை புள்ளி தரும் என்பதை 'கே' என்ற ஒரு பெருக்கல் எண் முடிவு செய்கிறது. 18 வயதாகும் ஆண்டு முடியும் வரை, 2300க்குக் கீழே உள்ளவர்களுக்கு அது 40. சம பலமுள்ள ஒருவரை ஜெயித்தால் 20 புள்ளி ஏறும். அந்த ஆண்டு முடிந்ததும் அது 20ஆகக் குறைகிறது. புதிதாகப் பட்டியலுக்கு வந்தவருக்கு மட்டும் முதல் 30 ஆட்டம் வரை 40 தொடரும். அதன் பிறகு அதே வெற்றிக்கு 10 புள்ளிதான். 6 வயதில் பயிற்சி வகுப்புக்குப் போகும் குழந்தைக்கு இந்த வேகமான பாதை 12 ஆண்டு திறந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், 14 வயதில், இரவுப் படிப்பகத்தில் பலகையைப் பார்க்கும் நம் பிள்ளைக்கு 4 ஆண்டு. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதிய விதி அல்ல இது. குழந்தைகள் வேகமாக வளர்வார்கள் என்பதற்காக வைத்தது. ஆனாலும் தாமதமாக வந்தவர்களுக்கு அது தாமதக் கட்டணம் போலவே வேலை செய்கிறது.

இப்போது காசுக்கு வருவோம். நீண்ட நேர ரேட்டிங் போட்டி ஒன்று பெரும்பாலும் 9 சுற்று, 5 நாள். நுழைவுக் கட்டணம் 1500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 12 வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்ப முடியாது. அம்மாவோ அப்பாவோ கூடப் போக வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாவுக்கு நாளொன்றுக்கு 600 ரூபாய் என்றால் 5 நாளில் 3000 போச்சு. இரண்டு பேருக்குப் பஸ், சாப்பாடு 1500. ஒரு போட்டிக்கு 6000. ஆண்டுக்கு 6 போட்டி ஆடினால் 36,000. தங்கும் செலவையும் பயிற்சியாளர் சம்பளத்தையும் இதில் சேர்க்கவே இல்லை. பணம் புரட்டினாலும் லீவு கிடைக்காது. "அஞ்சு நாளா? சனிக்கிழமை சம்பளம் போறது போகட்டுங்கண்ணே, திங்கக்கிழமை போனா வேற ஆள் உக்காந்திருக்கும்" என்று ஓர் அக்கா எங்களிடம் சொன்னார். ஒன்றரை ஷிப்ட் ஓடும் ஊரில் அது வெறும் பயம் இல்லை.

நடுத்தர வர்க்கக் குடும்பங்களுக்கே இது எளிதல்ல. குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர். மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலை நிறுத்தினார். பிரக்ஞானந்தாவின் அம்மா நாகலட்சுமி ரைஸ் குக்கரோடு ஊர் ஊராகப் போனது எல்லாருக்கும் தெரிந்த கதை. இவற்றைத் தியாகம் என்று பத்திரிகைகள் எழுதின. தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சாம்பியனுக்குப் பின்னால் முழு நேரமும் ஒரு பெரியவர் தேவை என்பதை அவை காட்டுகின்றன. இரண்டு பேர் கூலிக்குப் போனால்தான் உலை கொதிக்கும் வீட்டில் அந்தப் பெரியவர் எங்கிருந்து வருவார்?

மீர் சுல்தான் கான் என்ற பெயரை நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பஞ்சாபைச் சேர்ந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபுவின் ஆதரவில் இருந்தவர், அவரோடு லண்டன் போனவர். இந்திய முறைச் சதுரங்கத்தில் வளர்ந்தவர், ஐரோப்பிய விதிகளைப் பெரியவரான பிறகுதான் கற்றார். 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். முன்னாள் உலக சாம்பியன் காப்பாபிளாங்காவையே ஒரு முறை ஜெயித்தார். 1933இல் அந்தப் பிரபு இந்தியா திரும்பினார், சுல்தான் கானும் திரும்பினார். அவருடைய சர்வதேச ஆட்டம் அதோடு முடிந்தது. திறமை கப்பலில் காணாமல் போகவில்லை. போட்டிக்கு அழைத்துப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான். 1966இல் இறந்த அவருக்கு 2024இல் ஃபிடே கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் கொடுத்தது.

வீரர்களின் பெயரைத் தோண்டி யார் என்ன சாதி என்று பட்டியல் போடுவது நம் வேலையல்ல. போட்டி நடக்கிற தனியார் கல்லூரியின் பார்க்கிங்கை ஒரு முறை பாருங்கள், விஷயம் புரியும். கொங்கு மண்ணில் கிராண்ட் மாஸ்டர் வர முடியாது என்றும் யாரும் சொல்ல முடியாது. 2019இல் ஈரோட்டைச் சேர்ந்த இனியன் இந்தியாவின் 61ஆவது கிராண்ட் மாஸ்டர் ஆனார். சென்னைதான் எல்லாம் என்பது உடைந்து பல வருடமாகிறது. ஈரோட்டுக்கு வந்தது நம் வளவுக்கு வர வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கச் சொல்லவில்லை. சென்னையில் அருந்ததியர் பிள்ளைகளுக்கு இரவுப் பள்ளிகள் நடத்திய எல்.சி. குருசாமி வழியில் வந்தவர்கள் நாம். மாலை வகுப்பு நடத்தும் தோழர்களுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறோம்.

முதல் வேலை, தெரிந்ததை மறக்கவைப்பது. நம் ஊர்த் திண்ணைகளில் ஆடும் சதுரங்கத்தில், தொடக்கத்தில் இரண்டு சிப்பாயை ஒரே நேரத்தில் ஆளுக்கு ஒரு கட்டம் நகர்த்துவார்கள். ராஜா ஒரு முறை குதிரை மாதிரித் தாண்டலாம் என்பார்கள். போட்டியில் இவை செல்லாது. கேஸ்லிங் எப்போது செய்யலாம், எப்போது கூடாது, 'ஆன் பஸான்' என்ற வெட்டு என்ன, ஸ்டேல்மேட் என்றால் ஏன் டிரா, இந்த மூன்றையும் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். ஒரு ராணி அதிகமாக வைத்திருந்தும் எதிராளி ராஜாவுக்கு நகர இடமில்லாமல் அடைத்து, அரைப் புள்ளியை விட்டுவிட்டு அழுதுகொண்டு வரும் பிள்ளைகள் எல்லாப் போட்டியிலும் உண்டு.

இரண்டாவது, கடைசியிலிருந்து தொடங்குங்கள். யூடியூப் பார்த்துவிட்டு நாலு மூவ் மேட் கற்றுக்கொண்டு வருவான் பையன். இரண்டு பேரை அதில் மடக்குவான், மூன்றாவது ஆள் தடுத்ததும் என்ன செய்வதென்று தெரியாது. பலகையில் காய் குறைவாக இருக்கும் நிலைகளை முதலில் கற்றுக்கொடுங்கள். இரண்டு யானையால் மேட், ராணியும் ராஜாவும் சேர்ந்து மேட், ஒரு யானையும் ராஜாவும் சேர்ந்து மேட். அதற்குப் பிறகு ஒரே ஒரு சிப்பாய் வைத்து ஆடும் முடிவாட்டம்.

மேடைகளில் சிப்பாய் ராணியாவதை நம் விடுதலைக்கு உவமையாகச் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். கொஞ்ச நாள் உவமையை விட்டுவிட்டு அந்தச் சிப்பாயை நிஜமாகவே எட்டாவது வரிசைக்குக் கொண்டுபோகக் கற்றுக்கொடுப்போம். வெள்ளை ராஜா இ6இல், வெள்ளைச் சிப்பாய் இ5இல், கறுப்பு ராஜா இ8இல். யார் நகர்த்தும் முறையானாலும் வெள்ளை ஜெயிக்கும். ராஜா முன்னால், சிப்பாய் பின்னால் என்பதுதான் சூட்சுமம். சிப்பாயை முன்னால் தள்ளிவிட்டு ராஜா பின்னால் நின்றால் பெரும்பாலும் டிராதான். ஓரச் சிப்பாய்க்கு மட்டும் இந்த விதி பொருந்தாது, அதைத் தனியாகச் சொல்லுங்கள். இந்த ஒரு நிலையை ஒரு வாரம் இரு பக்கமும் மாற்றி மாற்றி ஆடவிடுங்கள். கணக்குப் போடும் பழக்கம் அங்கேதான் வருகிறது.

ஓப்பனிங்குக்கு அதிக நேரம் வேண்டாம். வெள்ளைக்கு ஒன்று, ராஜாவின் சிப்பாய்க்கு எதிராக ஒன்று, ராணியின் சிப்பாய்க்கு எதிராக ஒன்று. நடுக் கட்டங்களைப் பிடி, குதிரையையும் பிஷப்பையும் வெளியே எடு, கேஸ்லிங் செய், அவ்வளவு போதும் முதல் ஆறு மாதத்துக்கு. மீதி நேரமெல்லாம் பயிற்சிக் கணக்குகள்: ஒரு குதிரையால் இரண்டு காயைத் தாக்குவது, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் காயை அசையவிடாமல் பிடித்து வைப்பது. ஒரே ஒரு போன் இருந்தால்கூடப் போதும். லிச்செஸ் என்ற தளம் முழுக்க இலவசம், விளம்பரமே இல்லை. அதிலிருந்து நாளுக்குப் பத்து நிலைகளைக் கரும்பலகையில் வரைந்து போடலாம். காயைத் தொடாமல், மனதில் ஆடிப்பார்த்து, விடையை நோட்டில் எழுத வேண்டும். போனில் மூன்று நிமிட ஆட்டம் ஆடுவதைப் பயிற்சி என்று பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. அது கை வேகம்.

மூன்றாவதுதான் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது: ஆட்டத்தை எழுதுவது. நீண்ட நேரப் போட்டியில் ஒவ்வொரு நகர்த்தலையும் ஸ்கோர்ஷீட்டில் எழுதியாக வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுத வேண்டுமே என்று தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் சுணங்குவதைப் பார்த்திருக்கிறோம். காய்களின் பெயருக்கு அவரவர் நாட்டில் வழங்கும் பெயரின் சுருக்கத்தைப் பயன்படுத்தலாம் என்று ஃபிடே விதியே சொல்கிறது. குதிரைக்கு 'கு', யானைக்கு 'யா' என்று தொடங்குங்கள். ஒரு மாதத்தில் ஆங்கிலச் சுருக்கமும் தானாக வந்துவிடும். எழுதிய தாளில் ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் மிச்ச நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். தோற்ற ஆட்டத்தை அன்று மாலையே எதிராளியோடு உட்கார்ந்து, இன்ஜின் இல்லாமல், எங்கே சறுக்கியது என்று பார்க்க வேண்டும். இன்ஜினைப் போட்டால் தப்பு எது என்று உடனே காட்டும். அந்தத் தப்பை நாம் ஏன் செய்தோம் என்பதை அது சொல்லாது.

போட்டி அரங்கத்துக்குள் தேவைப்படும் பயிற்சி தனி. தொட்ட காயை ஆட வேண்டும். காயை நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். போனை உள்ளே கொண்டுபோனால் ஆட்டமே போய்விடும். இவை எல்லாப் பயிற்சி மையத்திலும் சொல்வது. நம் பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒன்று தேவை: கையை உயர்த்தி "ஆர்பிட்டர்" என்று கூப்பிடுவது. எதிராளி விதியை மீறி ஆடினால் கடிகாரத்தை நிறுத்திவிட்டு நடுவரைக் கூப்பிடலாம். நீண்ட நேர ஆட்டத்தில் முதல் மீறலுக்கு நமக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகத் தருவார்கள், இரண்டாவது மீறலுக்கு அவர் ஆட்டத்தையே இழப்பார். விதி தெரிந்தும் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெரியவர்களிடம் முறையிட்டால் நமக்குத்தான் திட்டு விழும் என்று பள்ளிக்கூடத்தில் கற்றது அது. வகுப்பில் ஒருவர் வேண்டுமென்றே தப்பாக ஆட, இன்னொருவர் கை தூக்கி நடுவரைக் கூப்பிடும் ஒத்திகையை நாங்கள் வாரா வாரம் நடத்துகிறோம். முதலில் சிரிப்பார்கள். பிறகு குரல் வரும்.

அரங்கத்துக்கு வெளியே இன்னொரு பரீட்சை இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் யாரோ ஒருவரின் அப்பா கனிவாகவே கேட்பார்: "கண்ணு எந்த ஊரு? ஊருக்குள்ளயா, காலனியா?" கொங்குப் பக்கம் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி எதற்கு என்று தெரியும். அடுத்த சுற்றில் அந்தப் பிள்ளை பலகையைப் பார்க்காமல் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் தனித்தனியாக அனுப்பாதீர்கள் என்கிறோம். ஆறு பேராக, கூட ஒரு அண்ணனோ அக்காவோ போகட்டும். ஆறு அம்மாக்களின் கூலி மிச்சம், பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளும் சம்மதிக்கும், இடைவேளையில் உட்கார்ந்து பேச நம் ஆட்களும் இருப்பார்கள்.

'இருக்கிற பிரச்சினையில் செஸ் ஒரு கேடா?' என்று சில மூத்த தோழர்கள் கேட்கிறார்கள். மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று சுவர் இடிந்து 17 பேர் செத்தார்கள். அந்த மண்ணில் நின்றுகொண்டு இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்கள் பதில் எளியது. தமிழ்நாட்டில் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்விலும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே சான்றிதழ்தான் பேசும். அந்தச் சான்றிதழ் தரும் போட்டிகளுக்குப் போகக் காசுள்ளவர்களே போய்க்கொண்டிருந்தால், அந்த இடங்களும் அவர்களுக்கே போகும். ஒதுக்கீட்டுக்காக நூறு ஆண்டு போராடியவர்கள் இந்த வாசலை மட்டும் எதற்குச் சும்மா விட வேண்டும்?

ஆகவே மனு எழுதுவோம். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஆட்சியர் அலுவலகங்களில் கொடுப்போம். தாலுகா அளவில், அரசுப் பள்ளி வளாகத்தில், கட்டணமில்லா ஃபிடே ரேட்டிங் போட்டி நடத்தச் சொல்ல வேண்டும். ஐந்து நாள் போட்டி உடனே முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் முடியும் ரேபிட் போட்டியாவது நடத்தட்டும். ரேபிடுக்கும் ஃபிடே தனி ரேட்டிங் தருகிறது, யாருடைய கூலியும் போகாது. 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றிய விடுதிகளில் பலகை, கடிகாரம், வாரத்தில் இரண்டு நாள் வந்து போகும் பயிற்சியாளர் கேட்க வேண்டும். வெளியூர்ப் போட்டிக்குத் தேர்வாகும் பிள்ளையோடு போகும் பெற்றோருக்கு அந்த நாள்களின் கூலியைப் பயணப்படியாகக் கொடு என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை விளையாட்டு வீரர்களின் பயணச் செலவுக்கு உதவுகிறது. அதற்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், படிப்பகத் தோழர்கள் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுங்கள்.

மனுவோடு உங்கள் வகுப்பில் பிள்ளைகள் எழுதிய ஸ்கோர்ஷீட்டுகளில் நான்கைந்தை ஜெராக்ஸ் எடுத்து இணையுங்கள். 'கு' என்றும் 'யா' என்றும் எழுதியவற்றையே இணையுங்கள்.